அக்காவுக்கு, பாப்பாவின் பிறந்தநாளுக்கு முன்

அக்கா,

வரும் ஞாயிறு பாப்பாவுக்கு 8 வயது முடிகிறது. போன பிறந்தநாளில் கேக் வெட்டும் முன்பே நீ கிளம்பிவிட்டாய். ஏன் என்று நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை.

கோவையில் துள்ளிக் குதித்து விளையாடும் அந்த டிராம்போலின் கூடத்தைப் பிடித்தது மழைக்காகத்தான். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூரில் மழை எப்போது வெறிக்கும் என்று யாருக்குத் தெரியும்? சிம்ஸ் பூங்கா முழுக்கச் சரிவு. என் வீட்டுக்கு ஏற 30 படி. காலைத் தாங்கும் காலிப்பரோடு நடக்கும் உன் மகனுக்கு இரண்டுமே கஷ்டம் என்று யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன் அக்கா. ஆனால் யோசனை வாசலோடு நின்றுவிட்டது. தரைத்தளம், படி இல்லை, சரி என்று பணம் கட்டிவிட்டேன். உள்ளே போய் அவன் என்ன செய்வான் என்பது வரை போகவில்லை.

பிள்ளைகள் எல்லாம் வழுக்காத சாக்ஸை மாட்டிக்கொண்டு உள்ளே ஓடின. அவன் பெஞ்சில் உட்கார்ந்து அத்தனை ஷூக்களையும் ஜோடி சேர்த்து அடுக்கிக்கொண்டிருந்தான். யாரும் சொல்லவில்லை, அவனாகவே. மெழுகுவத்தியைத் தேடி ஓடிய என் கையைப் பிடித்தான். "சித்தி, மேஜையில குச்சியால பந்து தட்டுற ஸ்நூக்கருக்கு ரூல்ஸ் எழுதினது நம்ம ஊட்டி கிளப்புலதான், 1882-ல. அதுக்குக் குதிக்கவே வேண்டாம்."

"அப்புறம் சொல்லுடா தங்கம்" என்று கையை விடுவித்துக்கொண்டேன். திரும்பி வந்தபோது பெஞ்ச் காலி.

ஆனால் ஒன்று கேட்கிறேன். கூப்பிட்டபோதே இடத்தைச் சொன்னேன், படமும் அனுப்பினேன். "சரி, வர்றோம்" என்றது நீ. அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்னிடம் சொல்லாமல் கல்யாண வீட்டில் நாலு பேரிடம் சொன்னாய். அந்த நாலு பேரும் இதைப் படிப்பார்கள், அதனால் மேலே எழுதவில்லை. அம்மா விஷயமும் இங்கே வேண்டாம்.

இந்த முறை பௌலிங், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் விளையாட்டு. நேரில் போய்ப் பார்த்துவிட்டேன். பந்தை வைத்து உருட்டிவிட ஒரு சாய்வுச் சட்டம் இருக்கிறது. உட்கார்ந்தபடியே குறி பார்க்கலாம். பக்கத்துப் பள்ளத்தில் பந்து விழாமல் இரண்டு புறமும் தடுப்பைத் தூக்கிவிடுகிறார்கள். பாத்ரூம் கதவை அளந்தேன், 90 செ.மீ. காலிப்பரோடு சேர்ந்த ஷூவைக் கழற்ற முடியாதே என்று கேட்டேன். துடைத்துவிட்டு அதோடே வரலாம், பந்து உருளும் லேன் மேல் மட்டும் ஏற வேண்டாம் என்றார்கள். சட்டத்தை அண்ணனுக்கு மட்டும் வைக்கக் கூடாது, எல்லாரும் அதில்தான் உருட்டணும் என்று பாப்பாவே சொல்லிவிட்டாள்.

'நீ வராவிட்டாலும் அவனை அனுப்பு' என்று எழுதி அழித்தேன். நீயும் வா. குன்னூரில் இறங்கிக்கொள்ளுங்கள், என் வண்டியில் போகலாம். மேட்டுப்பாளையம் வரை 14 கொண்டை ஊசி வளைவு, அவனுக்கு வயிற்றைப் புரட்டும். முன் சீட்டை அவனுக்கு வைத்திருக்கிறேன். ஸ்நூக்கர் கதையை முழுக்க அப்போது கேட்டுக்கொள்கிறேன்.