மரம் அரியும் வாள் இழுத்த பெரியப்பாவுக்கு

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போய்வந்து மூன்று கிழமையாகிறது. பார்க்கிறவர்கள் எல்லாரும் நயாகராவைத்தான் விசாரிக்கிறார்கள். உங்களுக்குச் சொல்ல இருப்பது வேறு கதை.

மினசோட்டாவில் கிராண்ட் ரப்பிட்ஸ் என்று ஓர் ஊர். 1900ஆம் ஆண்டளவில் மரம் வெட்டினவர்கள் காட்டுக்குள் தங்கிய முகாமை அங்கே திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். சமையல்காரர், கொல்லர் எல்லாம் அந்தக் கால உடுப்போடு நின்று, இன்னும் அதே வருசம் நடக்கிறமாதிரியே கதைக்கிறார்கள்.

அங்கே வெட்டு, பனிக்காலத்தில். வண்டித் தடத்தில் இரவில் தண்ணீர் ஊற்றி உறையவிட்டால், குதிரைகள் பெரிய பெரிய குற்றிகளைச் சறுக்கிக்கொண்டு இழுத்துப் போகுமாம். குற்றியின் முனையில் முதலாளியின் அடையாளத்தைச் சுத்தியலால் அடித்து, பனி உருகி ஆறு பெருகியதும் மிதக்கவிடுவார்கள். நீங்கள் வன்னிக் காட்டில் அரிந்த மரங்களை மாரிக்கு முன்னம் லொறி ஏற்றி முடிக்க ஓடினீர்கள். அவர்கள் பனி உருக முன்னம் ஓடியிருக்கிறார்கள். சாப்பாட்டு மேசையில் வாய் திறக்கக்கூடாதாம். கதைத்தால் நேரம் போகும், சண்டையும் வரும். காட்டில் நீங்கள் தங்கிய வாடியில் இது நடந்திருக்குமா, பெரியப்பா?

இரண்டு பேர் இழுக்கிற வாளின் ஒரு பிடியை என்னிடம் தந்தார்கள். பல்லில் பிசின் ஒட்டினால் மண்ணெண்ணெய் தடவுவார்களாம். நான் அவசரத்தில் தள்ளிவிட்டேன். வாள் நெளிந்து நின்றது. "தள்ளாதீர்கள், இழுங்கள். அடுத்த இழுப்பு என்னுடையது" என்றார் எதிரில் நின்றவர். முற்றத்தில் என் கையைப் பிடித்து நீங்கள் சொன்னது அப்படியே! "தள்ளாதை பிள்ளை. உன்ரை முறைக்கு இழு, மற்றவன் தன்ரை முறைக்கு இழுப்பான்." கண் கலங்கிவிட்டது. மகள் பயந்துபோனாள்.

திரும்பி வந்த கையோடு கொழும்பு கறுவாத்தோட்டத்து நூதனசாலைக்குப் போனேன். 1934இல் இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்த கண்டி அரசரின் சிம்மாசனம் அங்கேதான் இருக்கிறது. பொன் தகட்டுக்கு உள்ளே மரந்தானே. அந்த மரத்தை அரிந்த கை ஆருடையது? முதிரை, பாலை என்று வன்னிக் காட்டில் நீங்கள் அரிந்த மரங்கள் எத்தனை வீட்டு நிலையாக, கதவாக நிற்கின்றன. உங்களிடம் ஒருவரும் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய கவலை.

பொங்கலுக்கு வரும்போது எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருக்கிற அந்த அரத்தையும் கொண்டு வாருங்கள். முதிரைக்கு வாள்பல்லை எப்படித் தீட்டுவீர்கள், பாலைக்கு எப்படி என்று நீங்கள் சொல்லச் சொல்ல எழுதப்போகிறேன். கொப்பி வாங்கிவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி மகள்