பெத்லகேமில் மூன்று கிறிஸ்துமஸ்

ஆசிரியருக்கு வணக்கம்.

டிசம்பர் பிறந்தாலே எங்கள் சபைகளில் சண்டை தொடங்கிவிடுகிறது. 25ஆம் தேதி வேதத்தில் இல்லை, கொண்டாடுவது பாவம் என்கிறார்கள் சிலர். அப்படிச் சொல்பவர்களுக்கு விசுவாசமே இல்லை என்கிறார்கள் மற்றவர்கள். அண்ணன் வீட்டில் ஸ்டார் கட்டினால் தம்பி அந்த வாசற்படி ஏறுவதில்லை. பார்க்கவே மனம் வலிக்கிறது.

தேதி வேதத்தில் இல்லை என்பது சரிதான். லூக்கா மேய்ப்பர்களைச் சொல்கிறார், மாதத்தைச் சொல்லவில்லை. டிசம்பர் 25 என்பது 4ஆம் நூற்றாண்டில் ரோமில் வழக்கத்துக்கு வந்த நாள். ஆனால் பெத்லகேமிலேயே, பிறப்பிட ஆலய வளாகத்தில், பண்டிகை மூன்று முறை வருகிறது. கத்தோலிக்கருக்கு டிசம்பர் 25. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபைக்கு ஜனவரி 7. அவர்கள் பின்பற்றும் பழைய ஜூலியன் நாட்காட்டி இப்போது 13 நாள் பின்தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஆர்மீனியர்கள் பிறப்பையும் ஞானஸ்நானத்தையும் சேர்த்து ஜனவரி 6 அன்று நினைவுகூரும் தொன்மையான வழக்கத்தை விடவில்லை. அங்கே அதுவும் பழைய நாட்காட்டிப்படி வருவதால் நமக்கு ஜனவரி 19 ஆகிறது.

கொண்டாடாதவர்களும் இன்று நேற்று முளைத்தவர்கள் அல்ல. வேதத்தில் இல்லாத சடங்குகளை ஒதுக்கிய சீர்திருத்தக் கிறிஸ்தவர்களான பியூரிட்டன்கள் கை ஓங்கியிருந்த இங்கிலாந்து நாடாளுமன்றம் 1647இல் கிறிஸ்துமஸையே தடை செய்தது.

நாட்களை விசேஷமாக எண்ணுகிறவனும் எண்ணாதவனும் கர்த்தருக்காகவே அப்படிச் செய்கிறான் என்று ரோமர் 14இல் பவுல் எழுதியிருக்கிறார். போதகர்கள் இந்த ஆண்டு அந்த அதிகாரத்தை எடுத்துப் பிரசங்கிக்க வேண்டும், முதல் ஆராதனையிலேயே.

ஒரு வாசகர்,
நாசரேத், தூத்துக்குடி மாவட்டம்