மில் ஷெட்டுகளை இடிக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2020 மார்ச் ஊரடங்கில் நின்ற என்.டி.சி. (மத்திய அரசின் தேசிய பஞ்சாலைக் கழகம்) மில்கள் ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடக்கின்றன. தமிழ்நாட்டில் மொத்தம் 7. அதில் 5 கோவையில்: பங்கஜா, முருகன், கம்போடியா, ரங்கவிலாஸ், அப்புறம் 1888-இல் தொடங்கிய ஸ்டேன்ஸ் மில். மறுபடி ஓட்டச் சொல்லித் தொழிற்சங்கங்கள் கேட்கின்றன. ஓடினால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை. ஓடாது என்று முடிவானால், முதலில் தொழிலாளர்களின் பாக்கி முழுவதும் தீர வேண்டும். அதற்கடுத்து அந்தக் கட்டடங்களை என்ன செய்வது? ‘விற்றால் கோடிக்கணக்கில் போகும்’ என்ற பேச்சுதான் காதில் விழுகிறது.

நான் ஒரு தனியார் மில்லில் மெயின்டனன்ஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பழைய ஸ்பின்னிங் ஷெட்டின் கூரை வெளியிலிருந்து பார்த்தால் ரம்பப் பல் மாதிரி இருக்கும். ஒவ்வொரு பல்லிலும் செங்குத்தான பக்கம் வடக்குப் பார்த்த கண்ணாடி. சுள்ளென்ற வெயில் உள்ளே விழாது, நாள் முழுக்கச் சீரான வெளிச்சம் மட்டும் வரும். மெல்லிய நூல் அறுந்தாலும் கண்ணில் பட வேண்டும் என்று செய்த ஏற்பாடு அது. ஓவியருக்கும் போட்டோகிராபருக்கும், நிறம் பார்த்துத் துணி தேர்ந்தெடுக்கிறவருக்கும் வேண்டியது இதே வெளிச்சம்தான். தரையோ வரிசை வரிசையாக ரிங் ஃப்ரேம் என்ற நூற்பு மெஷின்களைத் தாங்கிய தரை. எந்த மெஷினை வைத்தாலும் அசையாது. இப்படி ஒரு கட்டடத்தை இன்று புதிதாகக் கட்ட யார் பணம் போடுவார்கள்?

வந்து உட்கார ஆளுக்கும் பஞ்சமில்லை. சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜாவும் படம் எடுத்த ஊர் இது. அனிமேஷன் செய்கிற பிள்ளைகள், ஃபவுண்டரியில் வார்ப்பு அச்சு எடுக்க மரத்தில் மாதிரி (பேட்டர்ன்) செதுக்குகிறவர்கள், திருப்பூர் கம்பெனிகளுக்குச் சாம்பிள் தைக்கிறவர்கள், நாடகக் குழுக்கள் எல்லாரும் மொட்டை மாடியிலும் வாடகை வீட்டு முன்னறையிலும் நெருக்கியடித்துத் தொழில் செய்கிறார்கள். சென்னை பின்னி மில் 1996-இல் மூடிய பிறகு அங்கே பல வருஷம் சினிமா ஷூட்டிங் நடந்தது. யாரும் திட்டம் போடாமலே கலைத் தொழில் அந்த ஷெட்டுகளைத் தேடிப் போனது. கடைசியில் அங்கே எழுந்தவை அடுக்குமாடிக் குடியிருப்புகள்.

மும்பையைப் பார்த்தும் நாம் உஷாராக வேண்டும். மில் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு பொது வெளிக்கு, ஒரு பங்கு மலிவு வீடுகளுக்கு, மீதிதான் உரிமையாளருக்கு என்று 1991-இல் அங்கே விதி போட்டார்கள். 2001-இல் ‘காலி நிலத்துக்கு மட்டும்’ என்று அதைத் திருத்தினார்கள். கட்டடம் நிற்கிற இடமெல்லாம் கணக்கிலிருந்து விலகிவிட்டது, ஊருக்குக் கிடைத்தது சொற்பம். மிஞ்சிய வளாகங்களில் பப்பும் ஹோட்டலும் நெருக்கமாக வந்தன. 2017 டிசம்பரில் கமலா மில்ஸ் வளாகத்துத் தீயில் 14 பேர் இறந்தார்கள். பழைய கட்டடத்துக்குப் பெயின்ட் அடித்து வாடகைக்கு விடுவது மறுவாழ்வு ஆகாது. வெளியேறும் வழிகள், வயரிங், ஆஸ்பெஸ்டாஸ் ஓடு இருந்தால் அதை அகற்றுவது என எல்லாம் முடிந்த பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும்.

வாடகைதான் இதில் முக்கியம். வாடகை ஏறினால் முதலில் வெளியேறுவது ஓவியரும் தையல்காரரும்; அந்த இடத்துக்கு வருவது துணிக்கடையும் காபிக் கடையும். ஆகவே நிலத்தை விற்காமல், மாநில அரசோ மாநகராட்சியோ நீண்ட காலக் குத்தகைக்கு எடுக்கட்டும். பாதி இடத்தையாவது சிறு தொழில்களுக்கு, வாடகை உச்சவரம்போடு ஒதுக்கட்டும். மில் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு அதில் முன்னுரிமை வேண்டும்.

ஐந்தையும் ஒரேயடியாக எடுக்கச் சொல்லவில்லை. ஒரு மில்லில் ஒரு ஷெட் போதும். பொதுப்பணித் துறை பொறியாளர்கள் உள்ளே போய்த் தூண், கூரை, சுவர் எல்லாவற்றையும் சோதித்து அறிக்கை தரட்டும். அந்த அறிக்கை வெளியாகும் வரை எந்த ஷெட்டையும் இடிக்க அனுமதி தரக் கூடாது என்று மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மில் தொழிலாளி,
சிங்காநல்லூர், கோவை.