வன்னிப் பிள்ளைகளுக்கு இது காணுமாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் பத்திரிகை இணைப்பிதழின் மாணவர் பக்கத்தில் 'ஐ ஆம் லுக்கிங் ஃபோவர்ட் ரு மீற் யூ' என்று பெரிய எழுத்தில் பெட்டி கட்டிப் போட்டிருந்தீர்கள். 'மீற்' அல்ல, 'மீற்றிங்'. இது உங்களுக்குத் தெரியாததல்ல. அச்சில் பிழை வருவதும் புதினமில்லை, அதற்காக நான் பேனை எடுக்கவில்லை. போன் எடுத்துச் சொன்னபோது உங்கள் அலுவலகத் தம்பி ஒருவர், "ஓ.எல். சோதனை எடுக்கிற வன்னிப் பிள்ளையளுக்கு இந்தளவு காணும் ரீச்சர்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதனால்தான் இந்தக் கடிதம்.

முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானில் பின்னேர வகுப்பு எடுக்கிறேன். அந்தப் பெட்டியை வெட்டிக் கொப்பியில் ஒட்டிக்கொண்டு வந்த பிள்ளை, நான் திருத்தியதும் "பேப்பரில அப்பிடித்தானே கிடக்கு" என்று தர்க்கம் பண்ணினாள். சரி, ரீச்சரை விட அச்செழுத்துக்குத்தான் மரியாதை. கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். 'ஐ வோன்ட் ரு மீற் யூ' என்பதில் 'ரு' வினையோடு ஒட்டியது. 'மீற் யூ'வை எடுத்துவிட்டு 'இற்' போட்டால் வசனம் நொண்டும். 'ஐ லுக் ஃபோவர்ட் ரு இற்' நொண்டாது. அந்த 'இற்' நிற்கிற இடத்தில் 'யுவர் லெற்றர்' நிற்கும், 'த ஹொலிடேஸ்' நிற்கும், வினை வந்தால் 'ஐஎன்ஜி'யைக் கூட்டிக்கொண்டுதான் வரவேண்டும். 'ஐ ஆம் யூஸ்ட் ரு வோக்கிங்' என்பதும் இதே வழிதான். வகுப்பு முடிய முதலே பிடித்துவிட்டார்கள், உங்கள் 'இந்தளவு காணும்' பிள்ளைகள்.

பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் முல்லைத்தீவும் கிளிநொச்சியும் இருப்பதால் பிழையான இலக்கணமும் எங்களுக்கு ஒதுக்கீட்டில் வருகிறதோ தெரியாது. சில ஞாயிறுகளில் அந்த இணைப்பிதழே வருவதில்லை, கடைக்காரரைக் கேட்டால் "அங்கயே வைக்கேல்லையாம்" என்கிறார். இதைப் பற்றிப் போன வருடமும் எழுதினேன், பதில் இல்லை. ஆனால் மே மாதம் பிறந்தால் முள்ளிவாய்க்கால் நினைவுநாளுக்காக முல்லைத்தீவு உங்கள் முதல் பக்கத்துக்கு வந்துவிடும், படத்தோடு.

2009இல் போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் இங்கிலிஷ் தெரிந்தவர்களைத் தேடி ஆட்கள் வருவார்கள், பிள்ளையைத் தேடி, புருஷனைத் தேடிக் கடிதம் எழுதுவிக்க. கொப்பித் தாளை மடியில் வைத்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். கடைசி வரி எல்லாவற்றிலும் ஒன்றுதான்: 'வீ லுக் ஃபோவர்ட் ரு யுவர் ரிப்ளை.' இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாத அம்மாமார் அந்த வரியில் விரலை வைத்து, "இதிலதானே பதில் கேட்டிருக்கு?" என்று உறுதிப்படுத்திக்கொண்டுதான் போவார்கள். ஒரு எழுத்துப் பிழைத்தாலும் வாசிக்கிறவர்கள் கடிதத்தைத் தூக்கி எறிந்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம். எங்களுக்கு எது காணும், எது காணாது என்று உங்கள் தம்பியைப் போல அப்போது யாரும் அளந்து தரவில்லை.

கேட்பது இவ்வளவுதான். வருகிற ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவுப் பெட்டியில் திருத்தத்தைப் போடுங்கள். மரண அறிவித்தலுக்குக் கீழே பொடி எழுத்தில் வேண்டாம், பிள்ளைகள் வெட்டி ஒட்ட வேண்டும். அந்த இணைப்பிதழை ஒட்டுசுட்டானுக்கும் அனுப்பினால் நல்லது.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியை ஒருவர்,
ஒட்டுசுட்டான்.