செங்கல் ஒட்டுப்போட்ட மடம்

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கம்பு ஊன்றாமல் நடக்கிறாய் என்று படித்த பிறகுதான் நிம்மதி. அவசரப்பட்டு மாடிப்படி ஏறாதே.

நான் இன்னும் இங்கிலாந்தில், சவுத்தாம்ப்டனில் மகன் வீட்டில்தான் இருக்கிறேன். சனிக்கிழமை மருமகள் நெட்லி மடத்துக்குக் கூட்டிப்போனாள். மரங்களுக்கு நடுவே கூரையில்லாமல் நிற்கும் பெரிய தேவாலயம். 1239இல் சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவி சபைக்காக ஏற்பட்டது. ஒரு தூணின் அடியில் மூன்றாம் ஹென்றி மன்னரின் பெயரைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். குனிந்து பார்த்தேன்.

1536இல் எட்டாம் ஹென்றி மன்னர், ஆண்டு வருமானம் 200 பவுண்டுக்குக் குறைந்த மடங்களை மூடினார். அப்போது இங்கே தலைவரையும் சேர்த்துப் பத்துப் பேர்கூட இல்லை. இடம் அரசவையில் பெரிய ஆளான வில்லியம் பாலெட் கைக்குப் போனது. அவர் இதை இடித்துத் தள்ளவில்லை, குடியிருக்கும் மாளிகையாக்கினார். ஜெபம் நடந்த நடுக்கூடத்தில் விருந்து மண்டபமும் சமையல்கட்டும் வந்தன. துறவிகள் சுற்றி நடந்த தாழ்வாரத்தின் நடுவே வீட்டு முற்றம். சாப்பாட்டுக்கூடம் இருந்த இடத்தில் வாசல் கோபுரம்.

இதைக் கேட்டதும் முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் யோசித்தேன். ஆள் குடியிருந்ததால்தானே சுவர் நின்றது! வீட்டை வேண்டாம் என்று விட்டதும் 1704இல் கல்லுக்காக விற்றுவிட்டார்கள். வாங்கிய வால்டர் டெய்லர் என்ற கட்டடக்காரர், வளைவுக்கல் தன் தலையில் விழுவதாகக் கனவு கண்டாராம். அதையும் மீறி இடிக்கப் போனவர், மேலிருந்து கல் விழுந்து இறந்துபோனார். வேலை அதோடு நின்றது. பாவம், அந்த மனிதர் உயிரைக் கொடுத்துதான் இவ்வளவாவது மிஞ்சியிருக்கிறது.

எனக்கு ஆறாத வருத்தம் வேறொன்று. 19ஆம் நூற்றாண்டில் இந்த இடத்துக்குச் சொந்தக்காரராக இருந்தவர், மடம் பழைய மடமாகவே தெரிய வேண்டும் என்று மாளிகைக் காலத்துக் கட்டுமானம் பலவற்றைப் பெயர்த்துவிட்டார். அங்கேயும் சில தலைமுறைகள் பிறந்து வளர்ந்திருக்கின்றனவே, செல்வி. அவர்கள் இருந்ததற்கு இப்போது வெள்ளைக் கல்லுக்கு நடுவே ஒட்டுப்போட்ட மாதிரி அங்கங்கே சிவப்புச் செங்கல்தான் மிச்சம்.

அந்தச் சுவரை மருமகள் படம் எடுத்திருக்கிறாள். அடுத்த கடிதத்தோடு அனுப்புகிறேன். மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
கமலா