தோட்டத்துப் பிள்ளைகள் பார்க்காத வேதியியலா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மாணவர் பகுதியில் ஹேலோ ஆல்கேன் (கார்பன் சங்கிலியில் குளோரின் போன்றவை சேர்ந்தது), ஹேலோ அரீன் (ஆறு கார்பன் கொண்ட பென்சீன் வளையத்தில் அவை சேர்ந்தது) பாடத்துக்கு வழிகாட்டி எழுதியவர், தோட்டப்புற மாணவர்கள் இதை மனப்பாடம் செய்தாலே போதும், வாழ்க்கையில் எங்கும் பார்க்கப் போவதில்லை என்று முடித்திருந்தார். ஒரு வாரமாக எனக்கு மனசு ஆறவில்லை.

நான் ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். எழுபதுகளில் என் அம்மா, பால்மரத்தில் வெட்டுக்குக் கீழே பட்டையைச் சுரண்டிவிட்டு மருந்து தடவுவார். எத்திபான் என்ற மருந்து அது, ஹேலோ ஆல்கேன் போன்றது. இரண்டு கார்பன் கொண்ட சின்னச் சங்கிலி, அதன் ஒரு முனையில் குளோரின். மரத்துக்குள் போனதும் குளோரின் கழன்றுவிடும், எத்திலீன் வாயு வெளிவரும். பால்குழாய் சீக்கிரம் அடைபடாது. அதனால் மங்கில், அதாவது மரத்தில் கட்டிய கோப்பையில், பால் வெகுநேரம் சொட்டிக்கொண்டே இருக்கும். பெயர் தெரியாவிட்டாலும், மருந்து போட்ட மரம் எது என்று மங்கைப் பார்த்தே அம்மா சொல்லிவிடுவார்.

1967இல் மலேரியா ஒழிப்புத் திட்டம் வந்தபோது நான் சின்னப் பையன். சட்டி பானை, பாய் எல்லாவற்றையும் வாசலில் எடுத்துவைத்துவிட்டு நிற்போம். உள்ளே டி.டி.டி. என்ற கொசுக்கொல்லி மருந்தை அடிப்பார்கள். சுவரில் அந்த வெள்ளைப் பூச்சு மாதக்கணக்கில் இருக்கும். டி.டி.டி.யில் இரண்டு பென்சீன் வளையங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு குளோரின். வளையத்தில் உட்கார்ந்த குளோரினை லேசில் கிளப்ப முடியாது. அதன் எலக்ட்ரான்கள் வளையத்தோடு கலந்து பிணைப்பு இறுகிவிடும். ஹேலோ ஆல்கேனில் 177 பைக்கோமீட்டர் (ஒரு மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு ஒரு பைக்கோமீட்டர்) நீளமுள்ள பிணைப்பு இங்கே 169 ஆகச் சுருங்குகிறது. ஒரே வளையமும் ஒரே குளோரினும் உள்ள குளோரோபென்சீனில் அந்தக் குளோரினைக் கழற்றிப் பீனாலாக்க, காரத்தோடு 350 டிகிரி செல்சியஸ் சூடும் 300 வளிமண்டல அழுத்தமும் வேண்டும். மங்குக் கோப்பையையும் லயத்துச் சுவரையும் காட்டித்தான் இருபத்தாறு வருடம் இந்தப் பாடத்தை நடத்தினேன். புரியாமல் போன பிள்ளை குறைவு.

சொல்ல வந்தது இதோடு முடியவில்லை ஐயா. அப்புறம் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, வந்தது. அம்மா கையுறை இல்லாமல், வெறுங்காலோடு களைக்கு மருந்து அடித்தார். டூ ஃபோர் டி (2,4-D) என்ற களைக்கொல்லி, அதுவும் ஹேலோ அரீன்தான். காலி டிரம்மைக் கழுவி, குளிக்கத் தண்ணீர் பிடித்துவைத்தோம். டிரம்மில் ஒட்டியிருந்த தாளில் ஒரு வரி தமிழ் கிடையாது. கிராணியும் (தோட்டத்து எழுத்தர்) சொன்னதில்லை, மண்டோரும் (மேற்பார்வையாளர்) சொன்னதில்லை. அம்மாவின் விரலிடுக்கில் தோல் உரிந்துகொண்டே இருந்தது. நாங்கள் தேங்காயெண்ணெய் தடவினோம்.

அன்று சொல்ல ஆளில்லை. இன்று நம் பத்திரிகை இருக்கிறது. ஆனால் மாணவர் பகுதியில் வந்துகொண்டிருந்த அறிவியல் கேள்வி பதிலை நிறுத்திவிட்டீர்கள். ஏன் என்று கேட்டு நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்குப் பதில் இல்லை. அந்த இடத்தில் இப்போது மனப்பாடக் குறிப்புகள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல.

நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த ஞாயிறு, ‘வாழ்க்கையில் எங்கும் பார்க்கப் போவதில்லை’ என்ற அந்த வரி தவறு என்று நாலு வரியில் ஒரு திருத்தம் போடுங்கள். இடம் குறைவென்றால் இரண்டு வரி போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்.