ஷூக் கயிறு

அன்புள்ள கண்ணம்மா,

நீ பார்க்கச் சொன்ன அந்தப் பழிவாங்கும் படத்தை நேற்று ராத்திரி நானும் அம்மாவும் பார்த்தோம். அம்மா பாதியிலேயே தூங்கிப்போனாள். அத்தனை துப்பாக்கிச் சத்தத்திலும் தூக்கம் வருகிறதென்றால் குறை அவளிடம் இல்லை.

நடிகர்களை ஒரு வார்த்தை சொல்ல முடியாது. செத்துப்போன மகளின் ஷூவை எடுத்து, அவிழ்ந்து கிடக்கும் கயிற்றுக்கு அந்த மனுஷர் முடிச்சுப் போடுவாரே, ஞாபகம் இருக்கிறதா? முதல் முடிச்சு நழுவிவிடும். மறுபடியும் போடுவார். வசனமே கிடையாது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மறு நொடியே டிரம்ஸ் அதிர, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஸ்லோமோஷனில் நடந்து வருகிறார். அந்த ஷூ என்ன ஆனது என்று அப்புறம் யாரும் கேட்கவில்லை.

வில்லனை இன்னும் மோசமாக வீணடித்திருக்கிறார்கள். போனில் கத்துவதற்கு அவ்வளவு பெரிய நடிகர் எதற்கு?

இத்தனை நல்ல நடிகர்கள் இருந்தும் படம் ஏன் மனசில் ஒட்டவில்லை என்று கேட்டிருந்தாய். அந்தப் பெண் உயிரோடு இருந்தபோது அவளைப் பற்றி நமக்கு என்ன தெரிந்தது, சொல்? ஒரு பாட்டில் சிரித்தாள், அவ்வளவுதான். அவளை இழந்தது அப்பாக்காரர் மட்டும்தான், நாம் இல்லை. அவர் ஒவ்வொருவனாகத் தீர்த்துக் கட்டும்போது, இன்னும் எத்தனை பேர் பாக்கி என்று நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

2024-ல் வந்த 'மகாராஜா'வை நினைத்துப் பார். குப்பைத் தொட்டியைக் காணோம் என்று விஜய் சேதுபதி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவார். அதற்கு லட்சுமி என்று பேர் வேறு. ஆனால் விபத்தில் அவர் மகளைக் காப்பாற்றியது அந்தத் தொட்டிதான் என்று முன்னமே காட்டிவிடுகிறார்கள். அதனால் போலீஸ்காரர்கள் கேலி செய்யும்போது நமக்கும் சிரிப்பு வரும், ஆனால் முழுசாகச் சிரிக்க முடியாது. ஒரு தகரத் தொட்டிக்குக் கிடைத்த இடம் இந்தப் படத்தில் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கவில்லை.

சரி, நீ எழுதுகிற கதைக்கு வருகிறேன். அதில் அண்ணன் மூன்றாம் பக்கத்திலேயே செத்துவிடுகிறான் என்று போனில் சொன்னாய். அவ்வளவு அவசரம் எதற்கு? கொஞ்ச நேரம் தங்கையோடு ரிமோட்டுக்குச் சண்டை போடட்டுமே. நீயும் உன் அண்ணனும் போட்டதில் ஒன்றை எடுத்துக்கொண்டாலும் போதும். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

எழுதி முடித்ததும் அனுப்பு. அம்மாவுக்கு நானே வாசித்துக் காட்டுகிறேன். தூங்குகிறாளா என்று பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா